ராஜபாளையம், சுத்த வெள்ளை, வயது ஒன்பது

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாதசாமி கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது சந்தில் கனகலட்சுமியின் வீடு. அந்த வீட்டுக்குள் வருகிற எந்தச் சாமானும் பத்து நாளைக்கு மேல் தங்கியதில்லை, அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் ஒருவரைத் தவிர. அவரையும் ஒரு தடவை போனில் விற்பனைக்கு ஏற்றிவிட்டாள் என்று சந்துக்குள் ஒரு பேச்சு உண்டு. "இருபத்துநாலு வருஷம் ராணுவத்தில் ஓடியது. முழங்காலில் மட்டும் சத்தம் வரும். வேறு பழுதில்லை" என்று எழுதியிருந்தாளாம். வாட்ச்மேன் தேடிக்கொண்டிருந்த மூன்று மில்காரர்கள் போட்டி போட்டு விலை கேட்டார்களாம். தேங்காய் துருவ வீட்டில் ஆள் வேண்டுமே என்று யோசித்து, மறுநாள் காலையில் விளம்பரத்தை இறக்கிவிட்டாளாம்.

இது பொய்யாகவே இருக்கட்டும். அவள் எழுதிப் போட்டால் எதுவும் விற்றுவிடும் என்பது மட்டும் மெய்.

பழைய சாமான் விற்றுக் கொடுப்பதுதான் அவள் தொழில். கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. போனுக்குள் ஒரு சந்தை இருக்கிறது, அதில் அவளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ யாராவது வீடு மாறினால், மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டால், சீர்வரிசையில் மூன்றாவது மிக்சி வந்து சேர்ந்தால் அவளுக்குப் போன் வரும். போய்ப் பார்ப்பாள். தொட்டுப் பார்ப்பாள். பக்கத்தில் செத்த நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகுதான் படம் எடுப்பாள், எழுதுவாள்.

இந்தத் தொழிலை அவள் கற்றுக்கொண்ட கதை விநோதமானது. கல்யாணமான புதிதில் புருஷனோடு ஜபல்பூர் போனாள். அங்கிருந்து ஜோர்ஹாட், பதான்கோட், ராணிகேத். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாற்றல் உத்தரவு வரும். வெள்ளை எழுத்தில் பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் அடங்குவது மட்டும் கூட வரும். கட்டில், மேசை, கூலர் எல்லாம் நாலே நாளில் கைமாறியாக வேண்டும். கேண்டீன் வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு ஒட்டலாம். மற்ற வீட்டுப் பெண்கள் இந்தியில் தங்கள் சாமானைப் புகழ்ந்து தள்ளினார்கள். கனகலட்சுமிக்கு இந்தி தெரியாது. சாமானின் பெயர்கூடத் தெரியாது. அதனால் பெயருக்குப் பதிலாக ஒரு படம் வரைவாள். கீழே குவார்ட்டர்ஸ் எண், நிறம், வயது, எத்தனை கை மாறியது என்று எழுதுவாள். புகழ்வதற்குப் பெரிய சொற்கள் வேண்டும். குறை சொல்லச் சின்னச் சொற்கள் போதும். "கால் ஆடும்." "மூடி இல்லை." அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதினாள். பலகையிலேயே முதலில் விற்றது அவள் சாமான்தான்.

போன்சந்தைக்கு வந்த பிறகு குவார்ட்டர்ஸ் எண் இருந்த இடத்தில் ஊர்ப்பேர் வந்து உட்கார்ந்தது. மற்றபடி அந்தச் சீட்டு மாறவேயில்லை. குறை முதலில், நிறை கேட்டால் மட்டும். சாமானின் பெயரை இப்போதும் எழுதுவதில்லை, அதைத்தான் படம் சொல்லிவிடுகிறதே. "ஸ்ரீவில்லிபுத்தூர். கறுப்பு. வயது நாலு. நாலு வருஷமும் துணி காயப்போட மட்டுமே பயன்பட்டது. விரும்பினால் ஓடியும் பார்க்கலாம்" என்று அவள் போட்ட நடை மிஷின் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. பத்து நிமிஷம் முந்தி ஓடுகிற சுவர்க்கடிகாரத்தை, "பஸ்ஸைத் தவறவிடுகிற வீட்டுக்கு ஆகும்" என்று எழுதி விற்றாள். "கடைசி விலை என்ன" என்று எடுத்த எடுப்பில் கேட்பவனுக்குச் சாயங்காலம்வரை பதில் கிடையாது. "ஏன் குடுக்காக" என்று கேட்பவருக்கு உடனே பதில். அந்தக் கேள்வி கேட்பவர்கள்தான் சாமானை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் என்பது அவள் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. சாமான் பக்கத்தில் மத்தியானம் பாயை விரித்துக் கண்ணயர்ந்தால், அது போகப்போகிற வீட்டு வாசல் அவள் கனவில் வரும். நீலச் சட்டமடித்த ஜன்னல், வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிற படி, கொடியில் ஏழு பள்ளிக்கூடச் சட்டை. வாங்க வருகிறவர்களிடம் நைசாகக் கேட்பாள். நீல ஜன்னல் இருக்கும். தங்கப்பாண்டியன் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் கனவு வராத சாமானை அவர் வண்டியில் ஏற்றுவதும் இல்லை.

இப்படியிருக்கையில்தான் ராஜபாளையத்திலிருந்து ஆயிஷா பீவி கூப்பிட்டாள்.

ஆயிஷா பீவிக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போய் மூன்று வருஷம். ஒரே மகள் பர்வீன் கடையநல்லூரில் இருக்கிறாள். அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் வாடகை வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். எல்லாம் போய்விட்டது. கூடத்து மூலையில் ஒரு வெள்ளை ஃபிரிட்ஜ் மட்டும் நின்றது. மகள் வீட்டில் ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறதாம். இதற்கு அங்கே இடமில்லை.

"வியாழக்கெழம பத்து மணிக்குக் காயலான் கடைக்காரன் வாரேன்னுருக்கான் கனகு. கதவைத் தனியா பிச்சுருவானாம், குழாயைத் தனியா உருவுவானாம். எடை போட்டு எடுக்க இதென்ன பழைய பேப்பரா?"

"அவ்வளவு தூரம் போகாதுக்கா."

"மில்லு விட்டு வாற பிள்ளைக, சிலிண்டர் சொமக்கிறவரு, போஸ்ட்மேனு, எம்புட்டுப் பேரு இதுல தண்ணி குடிச்சிருக்காக தெரியுமா. நோம்பு மாசத்துல தெருவே கிண்ணத்தோட வந்து நிக்கும். ஐஸு இல்லைன்னு நான் ஒரு நாள் சொன்னதில்ல." ஆயிஷா பீவி ஃபிரிட்ஜின் தலையை முந்தானையால் துடைத்தாள். "வெலை உன் இஷ்டம். ஆனா தண்ணி கேட்டு வாறவுகள வெரட்டாத வீடாப் பாத்துக் குடு. அப்படி வீடு கெடைக்கலைன்னா சொல்லிரு, காயலான் கடைக்கே போகட்டும்."

"கெடைக்கும்க்கா. இது என் வாக்கு."

வாக்கு என்ற சொல்லைக் கனகலட்சுமி இந்தத் தொழிலில் அதுவரை உபயோகித்ததில்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் எடை தெரிந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. நடுவில் நாலு நாள்.

ஆயிஷா பீவி அடுப்படியில் சாமான் கட்டிக்கொண்டிருக்க, இவள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் தலை சாய்த்தாள். முதுகுக்குப் பின்னால் அது மெல்ல உறுமியது. அந்த உறுமல் ராணிகேத் மலைப்பாதையில் தூரத்தில் ஏறி வருகிற லாரியாக மாறியது. பிறகு பனி விழுந்தது. பனிக்குள் ஒரு தென்னந்தோப்பு. கீற்றுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி. தோப்புக்கு ஒரு இரும்புக் கேட், கேட்டில் ஒரு பலகை, பலகையில் ஏதோ எழுத்து. எத்தனை கிட்டப் போனாலும் படிக்க முடியவில்லை. கேட்டுக்குள்ளே ஒரு அலுமினியத் தட்டு, காலியாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

விழித்ததும் படம் எடுத்தாள். சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பனி இன்னும் மிச்சமிருக்க, எழுதினாள்:

"ராஜபாளையம். சுத்த வெள்ளை. வயது ஒன்பது. ஒரே வீடு, வேறு கை பார்த்ததில்லை. இடது பக்கம் ஒரு சின்ன வடு உண்டு. இரவில் செத்த நேரம் உறுமும், பயப்பட வேண்டாம். தண்ணீர் கேட்டு வருகிறவர்களை விரட்டாத வீட்டுக்கு மட்டும்."

எழுத்து ஏறிவிட்டது. படம் ஏறவில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டேயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மறுபடி கண் சொருகியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பியபோது போன் மடியில் அணைந்து கிடந்தது. படம் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ராஜபாளையம் என்பது ஊர். பஸ் போகும், மில் ஓடும், வெயில் அடிக்கும். ஊரை விட்டு நாலு மைல் தள்ளிப் போனால் அதே சொல்லுக்குக் காலும் வாலும் முளைத்துவிடும். வெள்ளையாக, ஒல்லியாக, மூக்கு சிவந்து, நாயாக நிற்கும். இது கனகலட்சுமிக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அசந்தவளுக்கு நினைப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி முடிக்கவில்லை, போன் அடித்தது.

"ராஜபாளையம் வெள்ளை போட்டுருக்கது நீங்களா தாயி?"

"ஆமா. நீங்க எங்கருந்து பேசுறீக?"

"வ. புதுப்பட்டி. பேரு உக்கிரபாண்டி. பக்கத்துத் தோப்புக்காரன் படிச்சுக் காமிச்சான். படம் வரல, வட்டம் சுத்துது."

"அங்க சிக்னல் அப்படித்தான் இருக்கும் பெரியப்பா."

"இருக்கட்டும். ஒம்பது வயசா?"

"முழுசா ஒம்பது. மறைக்கல."

"எனக்கும் அதுதான் வேணும். புதுசு வேண்டாம். உறுமும்னு போட்டுருக்கே?"

"ராத்திரியில மட்டும். பொறவு அதுவா அடங்கிரும்."

"கடிக்குமா?"

மோட்டார் ரூமில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுக் கரண்டு சுண்டிப்போட்ட அனுபவம் இருக்கும்போல, தோட்டந்துரவு பார்க்கிற சம்சாரிதானே என்று கனகலட்சுமி நினைத்தாள். "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்ல. தெருப்பிள்ளைக ஈரக்கையோட தொடும்."

"நல்ல கொணம். ரொம்பத் திங்குமோ?"

"அதெல்லாம் கொஞ்சமாத்தான் திங்கும்."

"ஏன் குடுக்காக?"

அவள் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. "வச்சிருந்தவுக ஊரை விட்டுப் போறாக. போற இடத்துல இதுக்கு எடமில்ல."

"அப்ப அது ஏங்குமே தாயி."

கனகலட்சுமி பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஃபிரிட்ஜ் ஏங்குமே என்று கவலைப்படுகிற மனுஷனை அவள் ஜபல்பூரிலும் பார்த்ததில்லை, ஜோர்ஹாட்டிலும் பார்த்ததில்லை. "ஏங்காது. நல்ல கையா இருந்தாப் பழகிரும். ஒண்ணே ஒண்ணு பெரியப்பா, தண்ணி கேட்டு வாறவுகள வெரட்டக்கூடாது."

"வெரட்ட விடமாட்டேன். நான் பாத்துக்கிடுதேன். மூணு நாள் தேங்கா வெட்டு இருக்கு. புதன்கிழமை குட்டியானை கொண்டுக்கிட்டு வாரேன்."

குட்டியானை என்று அந்தப் பக்கம் சொல்வது சின்ன லோடு வண்டியை. இந்த இடத்தில் மட்டும் எந்தக் குழப்பமும் நடக்கவில்லை.

"ஃபிரிட்ஜு ஏங்குமான்னா கேட்டாரு?" தங்கப்பாண்டியன் தேங்காய்த் துருவலைத் தட்டில் தட்டினார். "ஏட்டி, ஆளு தெளிவாத்தான் பேசுனாரா?"

"நல்ல ஆளு. கூடவே இருக்கிறவுக ஏங்குதாகளான்னு நீங்க என்னைக்காச்சும் கேட்டுருக்கீகளா?"

அவர் அடுத்த மூடியை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். பேப்பர் இருக்கா என்று ஒருவர். பில் தொலைந்துவிட்டது என்று பதில் போட்டாள். ஜோடி கிடைக்குமா என்று ஒருவர். காது மடங்கியிருக்குமா என்று இன்னொருவர். கிருஷ்ணன்கோவில் காலேஜ் ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு பையன்கள் பண்ணுகிற சேட்டை என்று விட்டுவிட்டாள். பத்து மணிக்கு அவள் பக்கமே மூடிக்கொண்டது. விதிமீறல் காரணமாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. எந்த விதி, யார் மீறினார்கள் என்று அந்த வரியில் இல்லை. ஆறு வருஷத்தில் வாங்கினவர்கள் போட்டுச் சேர்ந்த நட்சத்திரங்கள் எல்லாம் பகலில் மறைகிற மாதிரி மறைந்துவிட்டன. தங்கப்பாண்டியன் ராணுவ முறைப்படி, "மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்கண்டவாறு பணிந்து தெரிவிப்பது" என்று ஒரு மனு எழுதி அனுப்பினார். பதில் இல்லை.

இனி வேறு ஆள் தேட வழியில்லை. உக்கிரபாண்டி ஒருவர்தான். அவர் வராவிட்டால் வியாழக்கிழமை பத்து மணி. திங்களும் செவ்வாயும் அவளுக்கு மத்தியானத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் யாரோ ஒரு கதவைக் கீல் கீலாகப் பிய்க்கிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை மூன்று மணிக்கு, கனகலட்சுமியும் தங்கப்பாண்டியனும் முன்னமே வந்து காத்திருக்க, குட்டியானை ஆயிஷா பீவி வீட்டு வாசலில் வந்து நின்றது. உக்கிரபாண்டிக்கு எழுபது இருக்கும். சலவை வேட்டி, வெள்ளை மீசை. வண்டியின் பின்தட்டில் மெத்தை மாதிரி வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருந்தது.

"ஆடாம இருக்க வைக்கோல் போட்டுருக்காரு. வெவரமான ஆளுதான்" என்றார் தங்கப்பாண்டியன்.

சாக்கின் ஓரத்தில் ஒரு அலுமினியத் தட்டு இருந்தது. கனகலட்சுமி கிட்டப் போய்ப் பார்த்தாள். கனவில் வானத்தைப் பார்த்துக் கிடந்த அதே தட்டு. சரியான வீடுதான் என்று மனசு நிறைந்த அந்தக் கணத்தில்தான், அவர் இடது கையில் ஒரு சங்கிலியையும் வலது கையில் பிஸ்கட் பாக்கெட்டையும் கண்டாள்.

"எங்க தாயி இருக்கு? குரலையே காணோம்."

"உள்ள கூடத்துல நிக்கி. வாங்க."

அவர் உள்ளே வந்து மூலை மூலையாகப் பார்த்தார். ஃபிரிட்ஜைத் தாண்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். நாக்கை மடித்து மெல்ல ஒரு சத்தம் கொடுத்தார்.

"யாரைக் கூப்புடுதீக?" என்றாள் ஆயிஷா பீவி.

"நாயைத்தாம்மா."

தங்கப்பாண்டியன் தன் போனில் எடுத்து வைத்திருந்த விளம்பரத்தை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார். ராஜபாளையம். சுத்த வெள்ளை. வடு. உறுமும். படித்து முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"சாமான் பேரு எங்கட்டி?"

அந்தப் பதினேழு பேரும், மடங்கின காதும், மூடின பக்கமும், விதிமீறலும் வரிசையாக வந்து கனகலட்சுமி முன்னால் உட்கார்ந்து வாலாட்டின.

"முப்பது வருசமா இந்தப் படியில நாய் ஏறுனதில்ல" என்றாள் ஆயிஷா பீவி. "வீட்டைக் காலி பண்ற நேரத்துல வெளம்பரத்துல ஏறிருச்சு பாரு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி ஃபிரிட்ஜைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. விடிந்தால் வியாழக்கிழமை.

"மன்னிச்சுருங்க பெரியப்பா" என்றாள் கனகலட்சுமி. "தப்பு என்னோடது. வண்டி வாடகை நான் குடுத்துருதேன். நீங்க எடுக்கணும்னு ஒண்ணுமில்ல."

உக்கிரபாண்டி கோபப்படவில்லை. சங்கிலியைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் அடக்கப் பார்த்தார். அது அடங்கவில்லை.

"என்கிட்ட ஒருத்தன் இருந்தான். பதினாலு வருசம். பங்குனியில போயிட்டான். குட்டி வாங்கித் தாரேன்னு ஆளாளுக்குச் சொன்னாக. குட்டிய வாங்கி என்ன செய்ய? நான் போன பொறவு அது யாரைத் தேடும்? அதான், என்னைய மாதிரிக் கெழடா ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்தாப்புல படுத்துக்கிடலாம்னு பாத்தேன்." சங்கிலியைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரியில ஒரு சத்தம் இல்லாமத்தான் ஒறக்கம் பிடிக்க மாட்டேங்கு" என்றார்.

ஆயிஷா பீவி எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார். கதவு தொப்பென்று மூடிக்கொள்ள, உள்ளே எதுவோ விழித்துக்கொண்டது. உர்ரென்று ஒரு உறுமல். தரை வழியாக வந்து பாதத்தில் ஏறியது.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "இதுதான் அந்த உறுமலா?"

"இதேதான்."

"ராத்திரி பூரா?"

"விட்டு விட்டு உறுமும். நடுவுல தூங்கும்" என்றாள் கனகலட்சுமி.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். உறுமல் தேய்ந்து, ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அடங்கியது. அடங்கிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோப்புக்கு யாரெல்லாம் வருவாக?" என்று கேட்டாள் ஆயிஷா பீவி. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"யாரும் வாறதில்லம்மா. நாய் இருந்த காலத்துல பயந்துக்கிட்டு வரல. நாய் போன பொறவு பழக்கத்துல வரல."

ஆயிஷா பீவி கனகலட்சுமியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொய் போதும். களையெடுக்கிற பெண்கள் வருவார்கள் என்றோ, பாதை அந்த வழியாகத்தான் போகிறது என்றோ சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் கை பழகிய சீட்டில் அதற்கு இடம் இல்லை.

"கொறையை முதல்ல சொல்லிருதேன்க்கா. தண்ணி கேட்டு ஆளே வராத வீடு. வந்தா வெரட்டுவாரா, குடுப்பாரான்னு யாரும் பாத்ததில்ல."

ஆயிஷா பீவி சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, தன் வீட்டில் தானே விருந்தாளி மாதிரி, "எனக்கு ஒரு தம்ளர் தண்ணி எடுத்துக் குடுங்க" என்றாள்.

உக்கிரபாண்டி ஃபிரிட்ஜிடம் போனார். அது அவருக்குப் பழக்கமில்லாத உருப்படி. கதவைத் தொடுமுன் புறங்கையை அதன் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கணம் காட்டினார், புது நாயிடம் மோந்து பார்க்கக் காட்டுவது போல. பிறகுதான் திறந்தார். குளிர் அவர் மீசையில் பட்டது. தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல், இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து குனிந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை தம்ளரை வாங்க நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"போதும்" என்றாள் ஆயிஷா பீவி. "கொண்டு போங்க."

வைக்கோல் மெத்தையில் ஃபிரிட்ஜை நிமிர்த்தி நிறுத்தினார்கள். கயிறு போதவில்லை. கொண்டு வந்த சங்கிலியையே சுற்றிக் கட்டினார் உக்கிரபாண்டி. "விடியிற வரைக்கும் கரண்டு குடுக்காதீக பெரியப்பா. குலுங்கி வந்துருக்கும், செத்த ஓய்வு வேணும்" என்றாள் கனகலட்சுமி.

"புது எடம்லா. நானும் பக்கத்துலயே படுத்துக்கிடுதேன்" என்றார் அவர். பிஸ்கட் பாக்கெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, கடைசியில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு வந்த காயலான் கடைக்காரருக்குக் கூடத்து மூலையில் சதுரமாக ஒரு வெளுத்த தரை மட்டும் கிடைத்தது.

மூன்று நாள் கழித்து மத்தியானம் போன் வந்தது.

"தாயி, இன்னைக்கு உறுமல."

"கதவைத் தொறந்து பாருங்க."

"குளிரு அடிக்கி."

"அப்பத் தூங்குது. எழுப்பாதீக." பிறகு கனகலட்சுமி கேட்டாள்: "யாராச்சும் தண்ணி கேட்டு வந்தாகளா?"

"ஒரு ஈ காக்கா வரல. கேட்டுல எழுதிக்கூட வச்சுட்டேன். ஆறு பாட்டில் ரொப்பி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

"என்ன எழுதுனீக?"

"'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு ஏற்கெனவே பலகை இருக்கு. அதுக்குக் கீழ, 'குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும்'னு."

கனகலட்சுமி சிரித்த சிரிப்பில் தங்கப்பாண்டியன் தேங்காய் துருவுகிற திருவாமணையோடு எழுந்து வந்தார். அவளுக்கு அந்தப் பலகை இப்போதுதான் படிக்கக் கிடைத்தது. கனவில் எத்தனை கிட்டப் போயும் பிடிபடாத எழுத்து.

"பெரியப்பா, வெளம்பரம்னா முதல்ல இல்லாததைச் சொல்லணும். பொறவுதான் இருக்கிறதைச் சொல்லணும். பழசை அழிச்சுட்டு நான் சொல்றபடி எழுதுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு படம் அனுப்பினார். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்தது. இரும்புக் கேட். கேட்டில் பலகை. பலகையில் பச்சைப் பெயிண்டில் கோணல் மாணலாக:

"நாய் இல்லை. தண்ணீர் உண்டு."

கேட்டுக்குள்ளே, தென்னை நிழலில், களையெடுத்துவிட்டு வந்த நாலு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் திறந்த கதவு வழியாக வெள்ளையாக ஒரு உருவம், கழுத்தில் இன்னமும் அந்தச் சங்கிலியோடு.

படத்தைக் கடையநல்லூருக்கு அனுப்பினாள். ஆயிஷா பீவி பெரிதுபடுத்திப் பெரிதுபடுத்திப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "அந்தக் கடேசிப் பிள்ளை கையில பிஸ்கட்டு இருக்கு பாத்தியா?" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

போன்சந்தைக்காரர்களிடமிருந்தும் ஒரு வழியாகப் பதில் வந்திருந்தது. உயிர்ப்பிராணிகளை இங்கே விற்கக் கூடாது, தாங்கள் விற்க முயன்றது நாய் அல்ல என்பதற்கு ஆதாரம் அனுப்பவும் என்று. தங்கப்பாண்டியன் பேனாவை எடுத்து, "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினார். கனகலட்சுமி அவரைத் தடுத்து, தோப்புப் படத்தையே அனுப்பினாள். எழுத்திலேயே இருக்கிறதே, நாய் இல்லை என்று. மறுநாள் விடியுமுன் நட்சத்திரமெல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகும் அவள் சீட்டு மாறவில்லை. சத்திரப்பட்டியிலிருந்து ஒரு மர ஊஞ்சல் வந்து கூடத்தில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் பாயை விரித்துவிட்டுப் போனை எடுத்து, "ஸ்ரீவில்லிபுத்தூர். தேக்கு. வயது இருபது. ஆடும்போது முனகும்" என்று எழுதினாள். எழுதிவிட்டு யோசித்தாள். படம் ஏறிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தாள்: "ஊஞ்சல்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஊஞ்சல் ஒரு தரம் தானாக ஆடியது. எங்கோ ஒரு வாசல் மெல்லத் திறந்தது.